அனுமதி முதலாளிக்கு, ஆபத்து காவலாளிக்கு

பெரும்போக விதைப்பு முடிந்து, சோளமும் கச்சானும் மரவள்ளியும் நிலத்தில் பிடிக்கத் தொடங்கியதும், நமது கிளைக் கூட்டங்களில் சம்பளப் பேச்சுக்கு அடுத்தபடியாக வருவது துவக்குப் பேச்சுத்தான். மலிவாக ஓர் ஒற்றைக்குழல் துவக்கு எடுக்க வழி உண்டா? அப்பா காலத்துத் துவக்கு ஒன்று கிடக்கிறது, அதைத் திருத்திக் கொஞ்சம் பலப்படுத்தலாமா? இரும்பு வேலை தெரிந்தவரைப் பிடித்து ஓர் இடியன் துவக்குச் செய்விக்கலாமா? எழுவான்கரையில் தென்னந்தோட்டத்தில் வேலை செய்பவரும் கேட்கிறார். படுவான்கரையில் கஜுத் தோட்டத்தில் காவல் நிற்பவரும் கேட்கிறார். வீட்டோரத்தில் அரை ஏக்கர் பயிர் வைத்திருக்கும் தாய்மாரும் கேட்கிறார்கள்.

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களைக் குற்றவாளிகளைப் போலப் பார்ப்பது பிழை. ஒரு கூட்டம் பன்றி ஒரே இரவில் மரவள்ளிப் பாத்தி முழுவதையும் உழுது போட்டுவிடும். யானை வந்தால் நான்கு வருடம் தண்ணீர் ஊற்றி வளர்த்த தென்னம்பிள்ளையைச் சாய்த்துக் குருத்தைத் தின்றுவிட்டுப் போகும். மறுநாள் காலையில் அந்தக் குடும்பத்துக்கு மிஞ்சுவது கூலி மட்டுமே. அந்தக் கூலி எவ்வளவு என்பது இந்தப் பத்திரிகையை வாசிக்கும் எல்லாருக்கும் தெரியும். ஆகவே கேள்வி நியாயமானது. ஆனால் "மலிவாக ஒரு துவக்கு, அதை நாமே திருத்திக்கொள்வோம்" என்ற பதில் நமக்கு நியாயம் செய்யாது. ஏன் என்பதை விளக்கி, அதற்குப் பதிலாக நாம் எதைக் கேட்க வேண்டும் என்று சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

ஏழைக்கு அளந்து கொடுத்த துவக்கு

முதலில் ஒரு பழைய கணக்கைப் பார்ப்போம். இந்தத் தீவில் துவக்கு யார் கையில் இருந்தது என்பது எப்போதும் யார் எசமான் என்பதைக் காட்டியது. வெள்ளைக்காரர் காலத்தில் யானையைக் கொன்றவருக்கு அரசாங்கமே சன்மானம் கொடுத்தது. 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த மேஜர் தோமஸ் ரோஜர்ஸ் என்ற அதிகாரி 1,400க்கும் அதிகமான யானைகளைச் சுட்டார் என்று சொல்லப்படுகிறது. அவருக்கு அது விளையாட்டு. காடு வெட்டித் தோட்டம் போட வந்த நமது முன்னோருக்கு அதே காட்டில் கிடைத்தது கத்தியும் மண்வெட்டியும்தான்.

அயலில் இந்தியாவிலும் இதே கதைதான். 1878இல் கொண்டுவந்த ஆயுதச் சட்டம் அனுமதியில்லாமல் இந்தியர் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது. தங்கள் கீழ் வேலை பார்த்த சிறைக் காவலர்களையும் பொலிஸாரையும்கூட ஆட்சியாளர்கள் முழுதாக நம்பவில்லை. இராணுவம் பயன்படுத்திய லீ-என்ஃபீல்ட் துவக்கை இஷாப்பூர் தொழிற்சாலையில் மாற்றினார்கள். பத்து ரவை பிடிக்கும் கூட்டை அடைத்து, ஒரு முறைக்கு ஒரு வெடி மட்டும் வைக்கும்படி செய்து, குழலையும் .410 அளவுக்குத் துளைத்து அவர்களிடம் கொடுத்தார்கள். கிரீனர் என்ற ஆங்கிலக் கம்பனி எகிப்தியக் கிராமக் காவலர்களுக்கென்று ஒற்றைவெடித் துவக்கு ஒன்று செய்தது. கடையில் கிடைக்கும் சாதாரணத் தோட்டாவை அதில் போட முடியாது. துவக்கு காவலாளியின் தோளில் இருக்கும், ஆனால் அது எப்போது வெடிக்கலாம் என்பது எசமானின் பெட்டிக்குள் இருக்கும். ஒற்றைவெடித் துவக்கு என்பது பல இடங்களில் ஏழைக்கு அளந்து கொடுக்கப்பட்ட துவக்கு.

நமது பக்கத்துக்குத் துவக்கின் வாய் மட்டுமே தெரிந்த நாட்களும் உண்டு. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்ட போராட்டத்தில் பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் இறந்தார். 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்தில் காணி பறிபோவதை எதிர்த்து நின்றபோது சிவனு லெட்சுமணன் சுட்டுக் கொல்லப்பட்டார். 1977 கலவரத்தின் பின் மலையகத்தை விட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் இன்று நமது உறுப்பினர்களாக இருக்கிறார்கள். இந்த நினைவுகளைக் கொண்ட மக்களிடம் துவக்கைப் பற்றிப் பேசும்போது நிதானமாகவே பேச வேண்டும். போர்க்காலத்தில் வீட்டில் ஒரு துவக்கு இருப்பது எவ்வளவு பெரிய வினையாக இருந்தது என்பதை வாவியின் இரு கரையிலும் உள்ள பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

துவக்கு யாருடைய பெயரில்?

இப்போதுள்ள சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். 1996இல் அதைத் திருத்தித் தண்டனைகளைக் கடுமையாக்கினார்கள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருக்க முடியாது. அந்தப் பத்திரம் வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கப்பட வேண்டும். துவக்குச் செய்பவருக்கும் திருத்துபவருக்கும் தனி அனுமதி வேண்டும். பயிர்ப் பாதுகாப்புக்காகத் துவக்குக் கேட்பவர் கிராம உத்தியோகத்தர், பொலிஸ், மாவட்டச் செயலகம் என்று படியேற வேண்டும். முதற் படியிலேயே அவரிடம் கேட்கப்படுவது, "உமது காணி எங்கே?" என்பதுதான்.

இங்கேதான் நமது ஆட்கள் விழுந்துவிடுகிறார்கள். தோட்டத்துக் காணியில் குடியிருப்பவருக்கு உறுதி இல்லை. சேனை வெட்டிப் பயிர் செய்பவருக்குப் பத்திரம் இல்லை. பயிர் அவருடையது, வியர்வை அவருடையது, நிலம் மட்டும் கடதாசியில் வேறொருவருடையது. அதனால் ஐம்பது ஏக்கர் தென்னந்தோட்டத்தின் சொந்தக்காரருக்குத் துவக்கு அனுமதி கிடைக்கலாம். அந்தத் தோட்டத்துக்குள் இரவு முழுவதும் விழித்திருக்கும் காவலாளிக்குக் கிடைப்பது ஒரு டோர்ச் லைட்டும் நாலு யானை வெடியும்.

சில தோட்டங்களில் இதற்கு ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள். முதலாளியின் பெயரில் உள்ள துவக்கை மாலையில் காவலாளியின் கையில் கொடுத்து, "பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டு அவர் பட்டணத்து வீட்டுக்குப் போய்விடுகிறார். தோழர்களே, இதை நன்றாகக் கவனியுங்கள். அனுமதிப்பத்திரம் பெயர் குறிப்பிட்டுக் கொடுக்கப்படுவது. நள்ளிரவில் பொலிஸ் ஜீப் வந்து நின்றால் துவக்குடன் நிற்பவர் நீங்கள். இருட்டில் சுட்ட சன்னம் பாதையால் போன மனிதர் மேல் பட்டால் நீதிமன்றக் கூண்டில் ஏறுபவரும் நீங்கள். முதலாளி, "எனக்குத் தெரியாமல் எடுத்துவிட்டான்" என்று ஒரு வார்த்தை சொன்னால், அதை மறுக்க உங்களிடம் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை.

ஆகவே எந்த உறுப்பினரும் வாய்ச்சொல்லை நம்பித் துவக்கைக் கையில் வாங்கக் கூடாது. அதை எடுக்கச் சட்டப்படி உங்களுக்கு உரிமை உண்டு என்பது உங்கள் பெயருடன், அதிகாரிகள் ஏற்றுக்கொள்ளும் எழுத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால், "மன்னிக்கவும் ஐயா, இது என் வேலை இல்லை" என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்னதற்காக வேலையை விட்டு நிறுத்தினால், அது சங்கத்தின் பிரச்சினை.

"திருத்துதல்" என்றால் என்ன?

சட்டப்படி ஒற்றைக்குழல் துவக்கு வைத்திருக்கும் உறுப்பினர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். பெரும்பாலும் அது 12 துளைத் துவக்கு. முறித்துத் திறந்து, ஒரு தோட்டா போட்டு, மூடிச் சுடுவது. சில துவக்குகள் பாட்டன் காலத்தவை. அவற்றை வைத்திருப்பவர்கள் "பலப்படுத்த" நினைக்கும்போது செய்பவை பெரும்பாலும் துவக்கைக் கெடுப்பவைதான். தோட்டாவுக்குள் மருந்தைக் கூட்டுவது, சன்னத்துக்குப் பதிலாக இரும்புத் துண்டு போடுவது, விசையை அராவி இலேசாக்குவது, குழலை அறுத்துக் குறைப்பது எல்லாமே அந்த வகை. குழலுக்குத் தாங்கும் அழுத்தம் ஓர் அளவுதான். அந்த அளவைத் தாண்டினால் அது பன்றியின் பக்கம் வெடிக்காது, உங்கள் கன்னத்தின் பக்கம் வெடிக்கும். விசை இலேசானால் வேலிக்கம்பி தட்டினாலும் சுடும். குழலை அறுத்தால் பத்திரத்தில் எழுதியுள்ள துவக்கு அது அல்ல என்றாகிவிடும்.

இன்னொரு விடயம் பலருக்குத் தெரிவதில்லை. பழைய ஆங்கிலத் துவக்குகள் பலவற்றில் தோட்டா இருக்கும் அறை இரண்டரை அங்குல நீளம். இப்போது வரும் தோட்டாக்கள் பல இரண்டே முக்கால் அங்குலம். போட்டுப் பார்த்தால் உள்ளே போய்விடும், துவக்கும் மூடும். ஆனால் சுடும்போது தோட்டாவின் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். அதைவிடப் பழைய, இரும்புப் பட்டிகளை முறுக்கிச் செய்த குழல்கள் இன்றைய மருந்துக்கெனச் செய்யப்பட்டவை அல்ல. "உள்ளே போனது, ஆகவே பொருந்தும்" என்று நினைப்பது ஆபத்து.

அப்படியானால் உண்மையான திருத்தம் எது? அனுமதி பெற்ற திருத்துநரிடம் வருடம் ஒரு முறை காட்டுவது. குழலும் பின்பகுதியும் ஆட்டம் இல்லாமல் பூட்டுகின்றனவா, குதிரை தானாக விழுகிறதா என்று பார்ப்பது. வெடித்த பைபர் பிடியை மாற்றுவதுபோல, வெடித்த மரப்பிடியையும் கம்பி சுற்றிச் சமாளிக்காமல் மாற்றுவது. கடலும் வாவியும் சூழ்ந்த ஊரில் உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும். சுட்டாலும் சுடாவிட்டாலும் குழலைத் துடைத்து எண்ணெய் பூச வேண்டும். ஒவ்வொரு முறையும் தோட்டா போடுவதற்கு முன் குழலினூடாக வெளிச்சத்தைப் பாருங்கள். சுவரில் சாத்தி வைத்த துவக்குக்குள் குளவி மண்கூடு கட்டிவிடும். அந்தச் சிறு மண் உருண்டை போதும், குழல் கிழிந்துவிடும்.

நடக்கும்போது துவக்கை முறித்துத் திறந்தபடி, தோட்டா இல்லாமல் கொண்டுபோங்கள். பழைய குதிரைத் துவக்குகள் பல கீழே விழுந்தால் தானாக வெடிக்கக்கூடியவை. வீட்டில் துவக்கு ஓரிடத்திலும் தோட்டா இன்னோரிடத்திலும், இரண்டும் பூட்டுக்குள்ளும் இருக்கட்டும். சாராயம் குடித்த கை துவக்கைத் தொடக் கூடாது. இவை எல்லாம் சலிப்பான விடயங்கள்தான். ஆனால் துவக்குக்கு இதைவிட நல்ல திருத்தம் வேறு இல்லை.

நம்மையே சுடும் துவக்கு

வீட்டுப் பட்டறையில் செய்யும் இடியன் துவக்கைப் பற்றி ஒளிக்காமல் பேச வேண்டும். அது மலிவு என்பது உண்மை. சைக்கிள் பாகத்திலிருந்தும் தண்ணீர்க் குழாயிலிருந்தும் பிறந்த பொருள் மலிவாகத்தான் இருக்கும். நீர் போவதற்குச் செய்த குழாய் வெடிமருந்தைத் தாங்குவதற்குச் செய்யப்பட்டதல்ல. கண்ணையும் விரலையும் இழந்தவர்கள் அந்த மலிவுக்கு மீதி விலையைப் பிறகு கட்டுகிறார்கள்.

அதைவிடக் கொடுமையானது கட்டுத்துவக்கு. மிருகம் வரும் தடத்தில் துவக்கைக் கட்டி, குறுக்கே கம்பி இழுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுப்பது. அந்தக் கம்பிக்குப் பன்றியையும் மனிதனையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. பன்றியின் நெஞ்சு உயரத்துக்கு வைத்த துவக்கு மனிதனின் முழங்காலைத்தான் உடைக்கும். நமது நாட்டின் கிராமப்புற ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டுத்துவக்குக் காயங்களுடன் வருபவர்களுக்குப் பெரும்பாலும் காலில்தான் காயம். அவர்கள் யார்? விறகுக்குப் போனவர், தேனுக்குப் போனவர், மாடு தேடிப் போன பையன், சில சமயம் கட்டியவரே. ஒரு காலை இழந்த தொழிலாளி எந்தத் தோட்டத்தில் பெயர் போடுவார்? பூசணிக்காய்க்குள்ளும் மாவுக்குள்ளும் ஒளித்து வைக்கும் ஹக்கபட்டாஸ் என்ற வாய்வெடியும், வீட்டு மின்சாரத்தை நேரடியாக வேலிக்கம்பிக்குக் கொடுப்பதும் இதே வகைதான். வைத்தவர் தூங்குவார், வழியால் போனவர் சாவார்.

யானைக்கு இந்தத் துவக்குகள் எதுவும் மருந்தாகாது. சன்னம் யானையைப் பெரும்பாலும் உடனே கொல்லாது. தோலுக்குள் புகுந்து சீழ் பிடிக்கும். காயப்பட்ட யானை நோவோடு திரியும், அடுத்த முறை மனிதனைக் கண்டால் ஓடாமல் திரும்பி வரும். ஒருவர் சுட்ட வெடிக்கு இன்னொரு கிராமத்தில் அதிகாலை வயலுக்குப் போகும் அப்பாவி பதில் சொல்ல வேண்டி வரும். 2023ஆம் ஆண்டில் மாத்திரம் இலங்கையில் 470க்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன. அதே ஆண்டில் யானை தாக்கி 170க்கும் மேற்பட்ட மனிதர்கள் இறந்தார்கள். நாடு முழுவதும் துவக்கும் வாய்வெடியும் மின்கம்பியும் பெருகிய பிறகு வந்த கணக்கு இது. சுடுவதால் பிரச்சினை தீரும் என்றால் எப்போதோ தீர்ந்திருக்க வேண்டும்.

அனுமதி வர ஒரு வருடம், பன்றி வருவது இன்றிரவு

"இதெல்லாம் சரி, அதிகாரி கையெழுத்து வைக்க ஒரு வருடம் ஆகும், பன்றி இன்றிரவே வருமே" என்று தோழர்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. அந்தக் கோபத்தில் உண்மை இருக்கிறது. அதற்காகத்தான் தனித்தனியாக ஒவ்வொருவரும் ஒரு மலிவுத் துவக்கைத் தேடி ஓடாமல், சேர்ந்து கேட்க வேண்டும் என்கிறேன்.

2020இல் கலாநிதி பிருதிவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான குழு மனித-யானை மோதலைக் குறைப்பதற்கான தேசியத் திட்டம் ஒன்றை அரசாங்கத்துக்குத் தயாரித்துக் கொடுத்தது. அதன் சாரம் எளிமையானது. காட்டுக்கு நடுவே இரு திணைக்களங்களின் எல்லையில் மின்வேலி போட்டால் வேலியின் இரு பக்கமும் யானை நிற்கும். வேலி மக்கள் வாழும் கிராமத்தைச் சுற்றி இருக்க வேண்டும். வயலுக்குப் போடும் வேலி விதைப்போடு போட்டு அறுவடையோடு கழற்றும் பருவகால வேலியாக இருக்க வேண்டும். அதைப் பராமரிப்பவர்கள் அந்த ஊரவர்களே. இந்த வேலியில் ஓடுவது விட்டுவிட்டு வரும் அதிர்ச்சி மின்சாரம். அது வலிக்கும், கொல்லாது. வீட்டு மின்சாரத்தைக் கள்ளமாக இழுப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் சாவுக்கும் உயிருக்கும் உள்ள வித்தியாசம். வெல்லாவெளி, பட்டிப்பளை, வவுணதீவு, செங்கலடி, கிரான், வாகரைப் பிரதேசங்களில் உள்ள நமது குடியிருப்புகளுக்கு இப்படிப்பட்ட வேலி கிடைப்பது யாரோ போடும் பிச்சை அல்ல, அது அரசின் கடமை.

நஷ்டஈட்டிலும் ஓட்டை இருக்கிறது. அரசாங்கத்தின் பயிர்க் காப்புறுதித் திட்டம் நெல், சோளம், மிளகாய், பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு, சோயா என்ற ஆறு பயிர்களுக்கென்று தொடங்கப்பட்டது. நமது குடும்பங்கள் வைப்பது மரவள்ளி, கச்சான், தென்னம்பிள்ளை. காணிப் பத்திரமும் இல்லை, பட்டியலில் பயிரும் இல்லை என்றால் யானை தின்றது கணக்கில் வராது. 2025 மார்ச் 15ஆம் திகதி ஐந்து நிமிடம் நாடு முழுவதும் குரங்கையும் மயிலையும் எண்ணச் சொன்ன அரசாங்கம், அவை தின்றதில் எவ்வளவு காணியில்லாதவருடைய பயிர் என்பதையும் எண்ணலாம்.

ஆகவே சங்கம் எடுத்துச் செல்ல வேண்டிய கோரிக்கைகள் என்று நான் நினைப்பவை இவை:

ஒன்று, இரவுக் காவல் என்பது தனி வேலை. அதற்குத் தனிச் சம்பளம், இருவர் சேர்ந்த காவல், உயரமான காவற்பரண், நல்ல வெளிச்சம், தொலைபேசி ஆகியவற்றைத் தோட்ட நிர்வாகம் கொடுக்க வேண்டும். ஒரு மனிதனைத் தனியாக இருட்டில் விடக் கூடாது.

இரண்டு, காவலாளியின் கையில் துவக்குக் கொடுப்பதாக இருந்தால் அவருடைய பெயரில் சட்டப்படியான அதிகாரமும் பயிற்சியும் முதலில் வேண்டும். அது இல்லாமல் கொடுத்த துவக்குக்கு நிர்வாகமே பொறுப்பு.

மூன்று, காவல் வேலையின்போது யானையாலோ துவக்காலோ வரும் காயம் வேலைக் காயமே. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. நிர்வாகம் கையில் கொடுக்கும் சிறு தொகைக்குக் கையெழுத்து வைக்குமுன் கிளைச் செயலாளரிடம் வாருங்கள்.

நான்கு, காணிப் பத்திரம் இல்லாவிட்டாலும், உண்மையில் பயிர் செய்பவர் என்று கிராம உத்தியோகத்தரும் விவசாயப் போதனாசிரியரும் உறுதிப்படுத்தினால், நஷ்டஈட்டுக்கும் பாதுகாப்புக்கும் அவர் தகுதியுடையவராக வேண்டும். ஒரு குடியிருப்புக்குப் பொதுவாக, பயிற்சி பெற்ற ஓரிருவர் பெயரில் பயிர்க்காவல் துவக்கு அனுமதி வழங்குவதையும் மாவட்டச் செயலகம் பரிசீலிக்க வேண்டும். வீட்டுக்கு வீடு ஒளித்து வைத்த பத்து இடியன்களைவிட, எல்லாருக்கும் தெரிந்த ஒரு நல்ல துவக்கு பாதுகாப்பானது.

ஐந்து, கட்டுத்துவக்கும் வாய்வெடியும் கள்ள மின்வேலியும் நமது குடியிருப்புகளில் இருக்கக் கூடாது. இதைப் பொலிஸ் வந்து சொல்லும்வரை காத்திருக்காமல் நாமே தீர்மானமாக எடுக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் காலைவிடப் பெரிய மரவள்ளி எதுவும் இல்லை.

கடைசிக் கோரிக்கைக்கு எவருடைய கையெழுத்தும் வேண்டாம். அதை அடுத்த கிளைக் கூட்டத்திலேயே நிறைவேற்றலாம். மற்ற நான்கையும் கேட்க, இரவுக் காவல் வேலை பார்க்கும் ஒவ்வொரு உறுப்பினரும் மூன்று விடயங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள்: எத்தனை மணி நேரம் நிற்கிறீர்கள், கையில் என்ன கொடுக்கிறார்கள், அதற்கு எவ்வளவு தருகிறார்கள். அந்தத் தாள்களைச் சேர்த்து வைத்தால், நிர்வாகத்தின் முன்னும் கச்சேரியின் முன்னும் நாம் வெறுங்கையோடு போக மாட்டோம்.